பூவரசடி மண்

நெடுமடைப்பட்டி
24.1.2023

முத்துமீனாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. நீ நலமாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் நம் கண்மாய்க்கரையில் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. பஸ்ஸில் கட்டியிருந்த துணியில் 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. நான் நாலாங்கிளாஸ் படித்தவள்தான். ஆனாலும் அம்புட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். கீழே பள்ளிக்கூடத்தின் பெயரும் இருந்தது. தொப்பி போட்ட பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக நீ இறங்கினாய். உடம்பு வைத்திருக்கிறாய். கண்ணாடி போட்டிருக்கிறாய். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை மட்டும் மாறவில்லை. சின்னப் பிள்ளையில் வரப்பிலிருந்து விழுந்து வாங்கிய அடி அது. விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டவள் நான். அது கிடக்கட்டும்.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு கருவேல மரத்தடியில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அனுப்பினாய். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் பக்கம் போன கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. டவுன் குப்பையும் ஆஸ்பத்திரிக் கழிசலும் இப்போது அங்கேதான் வந்து விழுகிறது. இன்னொரு கூட்டம் மடைப் பக்கம் வந்தது. மடையை ஒட்டிப் பூவரசு நிற்கிறதே, அதன் அடியில் நாலு பிள்ளைகள் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னக் கரண்டியால் தோண்டி, மண்ணை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிக்கொண்டு போனார்கள்.

அந்த மண் எனக்கு வேண்டும். ஒரு பொட்டு குறையாமல் வேண்டும். மலையாண்டி காய் வியாபாரத்துக்கு விளாங்குடிப் பக்கம் வருகிறான். அவனிடம் கொடுத்துவிடு.

எதற்கு என்று கேட்பாய். டீச்சர் ஆச்சே. பூவரசடியில் உன் அப்பா படுத்திருக்கிறார். அதற்குத்தான்.

என்னிடம் செல்போன் இருக்கிறது. மலையாண்டி வாங்கிக் கொடுத்தான். அதில் நீ கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒச்சாயி

*

விளாங்குடி
31.1.2023

அம்மா,

உன் கடிதத்தைப் பள்ளி ஆபீசில் கொடுத்தார்கள். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. மத்தியானம் வரை பையிலேயே வைத்திருந்து, பிறகு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் எதிர் அலமாரியில் அந்தப் பை இருக்கிறது. 'மடை அருகில், மரத்தடி' என்று பிள்ளைகள் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியாது அம்மா. எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா போனதே ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் தெரிந்தது. பழங்காநத்தத்தில் ரோட்டோரம் காய் விற்றுக்கொண்டிருந்த மலையாண்டி அண்ணன்தான் சொன்னார். "சித்தப்பா போயிட்டாருல்ல. ஒனக்குத் தெரியாதா தாயி?" என்று கேட்டார். கையில் தராசு. நான் அரை கிலோ கத்தரிக்காய் கேட்டிருந்தேன். எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சின்னாத்தா சத்தியம் வாங்கியிருக்கு. என்னைய மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் கத்தரிக்காயைப் பையில் போட்டார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடத்துக்காக ஏதாவது ஒரு கண்மாயைப் பார்த்து வரவேண்டும் என்று சொன்னார்கள். பக்கத்தில் எத்தனையோ கண்மாய் இருக்க, நம் கண்மாயைச் சொன்னது நான். மண் எடுக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்ததும் நான்தான். பூவரசடியைக் குறித்ததற்குப் பாடத்தில் ஒரு காரணமும் இல்லை. மடை திறந்துவிட்டு அப்பா வந்து உட்காரும் இடம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் தூக்குவாளியில் எனக்கு வைத்திருக்கும் கஞ்சியை அங்கே உட்கார்ந்துதான் குடிப்பேன். அந்த மண் மட்டும் என் லேபுக்கு வரட்டும் என்று ஒரு ஆசை. இவ்வளவுதான் நான் செய்தது.

உன்னைப் பார்த்தேன். நான் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் நின்றேன், நீ கருவேல மரத்தடியில் நின்றாய். வந்து பேசலாம் என்று இறங்கினேன். நீ முகத்தைத் திருப்பினாயா, ஆட்டைத்தான் பார்த்தாயா, தூரத்தில் தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பாதி மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சோதித்துவிட்டோம். மீதி ஒரு கையளவு இருக்கிறது. அப்புறம், அங்கே தோண்டிய பிள்ளைகளில் ஒருத்தி ஷெரின். என் மகள். இதுதான் என் ஊர் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

முத்துமீனா

*

நெடுமடைப்பட்டி
9.2.2023

முத்துமீனாவுக்கு,

கரைத்தீர்களா? உயிரோடு இருந்தபோது காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட விடமாட்டார் அந்த மனுஷன். அவர் மேல் கிடந்த மண்ணை எடுத்து, தண்ணீர் ஊற்றி, கலக்கி, சோதித்திருக்கிறீர்கள். என்ன கண்டுபிடித்தாய்? உப்பு கூடுதலா? இருக்கும். நான் அங்கே உட்கார்ந்து அழுத அழுகைக்கு இருக்கும்.

அது உன் மகள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? தோண்டுகிறார்களே என்று பதறித்தான் ஆட்டை விட்டுவிட்டு வேகமாகப் போனேன். 'எந்திரிங்கடி' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. உன் அப்பாவின் நெற்றி. புருவத்துக்கு நடுவில் அதே பள்ளம். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஏன் தடுக்கவில்லை என்று நீ கேட்காதே.

"பாட்டி, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றது. பாட்டியாம். அம்மாச்சி என்று கூப்பிட வேண்டிய வாய். செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கத் தெரியவில்லை, சப்பிக் குடித்தது. பிள்ளைக்கு அதைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை நீ. குடித்துவிட்டு நோட்டை எடுத்து, "இந்த எடத்துல முன்னாடி என்ன பாட்டி இருந்துச்சு?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டது.

அந்தச் செம்பை நான் இன்னும் கழுவவில்லை. அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. எனக்கு இடுப்பு வலி.

உனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று குறைப்படுகிறாய். பஸ் ஓடாத வைகாசி அது. ஊரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது. தூக்குவதற்கு நாலு பேர் கிடைப்பதே பெரும்பாடு. அடையாளத்துக்குக் கல் நடாதே, கண்மாய்ப் புறம்போக்கு, ஆபீசர் வந்தால் பிடுங்கச் சொல்வான் என்று மலையாண்டி சொன்னான். நடவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நீ எப்படி வந்திருப்பாய்? பறந்தா?

மீதி மண்ணை மலையாண்டியிடம் கொடு.

ஒச்சாயி

*

விளாங்குடி
16.2.2023

அம்மா,

பஸ் ஓடவில்லை, சரி. போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதை எழுதக் கூடாது என்று நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது தாளிலும் அதுவே வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடந்தாவது வந்திருப்பேன் அம்மா. விளாங்குடியிலிருந்து நம் ஊருக்கு நடக்க முடியாதா? சேலத்துக்கும் சென்னைக்கும் ஜனங்கள் நடந்த வருஷம் அது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அவரை இரண்டு தடவைதான் பார்த்தேன். இரண்டும் திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் வாசலில். உனக்குத் தெரியாமல் வருவார். இரண்டாவது தடவை ஷெரின் கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கொண்டு பழக்கடை பழக்கடையாக நடந்தார். "ஒங்கம்மாகிட்ட சொல்லிப் பாக்குறேன்" என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நீ சொல்ல வேண்டாம்.

மண்ணை மலையாண்டி அண்ணனிடம் தர மாட்டேன். நானே கொண்டுவந்து, எடுத்த இடத்தில் போடுகிறேன். என்னை அங்கே ஒரு தடவை நிற்க விடு. உன் வீட்டுப் பக்கம் வரவில்லை, உன்னிடம் பேசவில்லை. நின்றுவிட்டுப் போய்விடுகிறேன். அதற்கு நீ சம்மதிக்கும் வரை இது என்னிடம்தான் இருக்கும். லேபிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டிருக்கிறேன். என் பீரோவில் இருக்கிறது.

மிரட்டுவதாக நினைக்காதே. மிரட்டல்தான். வேறு வழி இல்லை.

முத்துமீனா

*

நெடுமடைப்பட்டி
4.3.2023

முத்துமீனாவுக்கு,

திருப்பரங்குன்றத்துக்கு அவர் போனது எனக்குத் தெரியாது என்று அப்பனும் மகளும் நினைத்துக்கொண்டிருந்தீர்களா? கிருத்திகைக்குக் கூப்பிட்டால்கூடக் கோவிலுக்கு வராத மனுஷன், சலவை வேட்டி கட்டிக்கொண்டு "சாமி கும்பிடப் போறேன்" என்றால் நான் நம்புவேனா? திரும்பி வந்தபோது சட்டையில் பால் கக்கிய கறை இருந்தது. துவைத்தவள் நான்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் பிடிவாதம் யார் வயிற்றிலிருந்து வந்தது என்று தெரிகிறது.

எனக்குக் கோபம் நீ கட்டிக்கொண்ட கிளமெண்ட் மேல் என்று நீ நினைக்கிறாய். அவன் எந்தச் சாமியையும் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். என் அண்ணன் மகன் காளைக்கு உன்னைத் தருவதாக வெற்றிலை பாக்கு மாற்றியவள் நான். அண்ணன் எடுத்துத் தந்த பரிசச் சேலையைப் பெட்டியில் வைத்திருந்தேன். சந்தன நிறம், அரக்குக் கரை. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நீ போனாய். அண்ணன் கேட்டார், "எஞ் சேலையக் கட்டிக்கிட்டா போனா?" என்று. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. காளை எவளையோ கட்டி நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அண்ணன் செத்தபோது நான் போய்த் தெருவில் நின்றேன். என் மதினி உள்ளே விடவில்லை. அண்ணன் மேல் கோடித் துணி போட என்னைக் கூப்பிடவில்லை. கூடப் பிறந்தவளை ஊரார் மாதிரி ஓரத்தில் நிற்க வைத்தார்கள். முகம் பார்க்காமல் அனுப்புவது எப்படி இருக்கும் என்று உனக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு அதற்கு முன்பே தெரியும்.

இதை எழுதி ஒரு வாரம் ஆச்சு. அனுப்பாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன்.

வைகாசி அமாவாசை அவர் போன நாள். அன்றைக்கு வா. காலையில் முதல் பஸ்ஸில் வா. தெரு வழியாக வராதே, கரை வழியாக வா. வீட்டுக்கு வராதே. உன் வீட்டுக்காரரைக் கூட்டி வராதே. மெழுகுவர்த்தி ஏற்றாதே. மண்ணைப் போட்டுவிட்டு நின்றுகொள். நானும் அங்கேதான் இருப்பேன், அது என் புருஷன் இடம். உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

அந்தப் பிள்ளை வரலாம். தொப்பி போட்டு வரச் சொல். கத்திரி வெயில்.

ஒச்சாயி

*

விளாங்குடி
20.3.2023

அம்மா,

உன் கடிதத்தை கிளமெண்ட் இரண்டு தடவை படித்தார். "ஒங்கம்மா என்னைய 'வீட்டுக்காரர்'னு மரியாதையா எழுதியிருக்காங்க" என்று மகிழ்ந்து போனார். அது மரியாதை இல்லை, அவர் பெயரை இன்னொரு தடவை எழுதப் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

வருகிறேன். நீ சொன்ன மாதிரியே முதல் பஸ், கரை வழி. அமாவாசை பள்ளி லீவில் வருகிறது. காலண்டரில் அந்தக் கட்டத்தைப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறேன்.

ஷெரினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப எனக்குத் தண்ணி குடுத்தது அம்மாச்சியா?" என்று கேட்டாள். பிறகு நெடுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தோண்டிய கை. நோட்டில் 'முன்பு ஒன்றுமில்லை' என்று எழுதியதை அடித்துவிட்டாள். அடித்த இடத்தில் என்ன எழுத என்று கேட்கிறாள். அம்மாச்சியிடமே கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாந்து குடிக்கவும் பழகுகிறாள். தினமும் சட்டையை நனைத்துக்கொள்கிறாள்.

இன்னொரு நல்ல செய்தி. பள்ளிகளுக்கான போட்டியில் எங்கள் பிள்ளைகளின் கண்மாய் அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. மேடையிலேயே அதிகாரிகளிடம் ஒரு பிரதி கொடுத்தோம். வரத்துக்காலில் குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும், கருவேல மரங்களை எடுக்க வேண்டும், கண்மாயைத் தூர்வார வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். சீக்கிரம் செய்வதாக மைக்கிலேயே சொன்னார்கள். பிள்ளைகள் கைதட்டி ஓயவில்லை. ஒவ்வொரு கோடையிலும் "இந்தக் கம்மாய ஒருத்தன் தோண்டிவிட மாட்டேங்குறானே" என்று அப்பா புலம்புவாரே. அவர் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இந்த வருஷம் என் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் நன்றாகத் தெரிகிறது அம்மா.

முத்துமீனா

*

நெடுமடைப்பட்டி
4.5.2023

முத்துமீனா,

நீ வர வேண்டாம். வந்து நிற்க இடம் இல்லை.

போன வாரம் ஜேசிபி வந்தது. இரண்டு வண்டி. பின்னால் வரிசையாக லாரி. கண்மாய் நடுவில்தான் வண்டல் இருக்கிறது, அதைத்தான் அள்ளுவார்கள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. அவர்கள் நடுவுக்குப் போகவில்லை. கரையை ஒட்டி, மடைப் பக்கமாக வந்தார்கள். அங்கேதான் கட்டடத்துக்கு மேடு நிரப்ப ஏற்ற செம்மண் இருக்கிறதாம். சிவக்குமார் என்று ஒரு காண்டிராக்டர். வெள்ளைச் சட்டை, காலில் செருப்பை மாட்டிக்கொண்டே கண்மாய்க்குள் நின்றான்.

போய்க் கேட்டேன். "பாட்டி, ஒங்க கம்மாயத்தான ஆழப்படுத்துறோம். சந்தோசப்படாம சண்டைக்கு வாரீங்க?" என்றான். "பள்ளிக்கூடப் புள்ளைகளே எழுதிக் குடுத்துருக்கு பாருங்க" என்று ஒரு தாளை ஆட்டினான். உன் பள்ளிக்கூடத்துப் பெயர் மேலே இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இதுக்குள்ள எம் புருசன் கெடக்காருய்யா" என்றேன்.

"எங்க கெடக்காரு? கல்லு இருக்கா? மேடு இருக்கா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே பாட்டி."

கல் இல்லை. மேடும் மழையில் கரைந்துவிட்டது. நான் என்னத்தைக் காட்ட?

பூவரசடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வண்டியை என் மேலே விடுங்கடா என்றேன். டிரைவர் இளவட்டப் பையன். இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மலையாண்டி கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். அவனும் கூட உட்கார்ந்தான். வேறு பக்கம் தோண்டினார்கள். சரி, விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். கைரேகை நான்தான் வைக்க வேண்டும், மலையாண்டி வைத்தால் அந்த மெஷின் ஒத்துக்கொள்ளாது. என் ரேகை தேய்ந்துபோய் அந்தப் பொட்டியில் ஏறவில்லை. துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னான் கடைக்காரன். மத்தியானம் ஆகிவிட்டது. அரிசிப் பையோடு கரை மேல் ஏறிப் பார்த்தால் பூவரசு இல்லை. மரம் இருந்த இடத்தில் பனை உயரத்துக்குப் பள்ளம். மடைக்கல் ஒன்று அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த டிரைவர் பையனிடம் கேட்டேன், எலும்பு கிலும்பு ஏதாவது கண்ணில் பட்டதாய்யா என்று. "மண்ணுதான் பாட்டி வந்துச்சு" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

லாரி எங்கே போகிறது என்று விசாரித்தேன். புது பிளாட் போடுகிற இடத்துக்காம். நாலைந்து இடத்தில் பிரித்துக் கொட்டுகிறார்களாம். உன் அப்பா எந்த பிளாட்டில் கிடக்கிறார் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அது மேல் எவனாவது வீடு கட்டிப் பால் காய்ச்சுவான்.

நீ கெட்டவள் என்று நான் எழுதவில்லை. உன்னைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

ஒச்சாயி

*

விளாங்குடி
8.5.2023

அம்மா,

தூர்வார வேண்டும் என்ற வரி பிள்ளைகள் எழுதியதில் இல்லை. நான் சேர்த்தது. அப்பாவை நினைத்துச் சேர்த்தேன்.

இன்று கிளமெண்டையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். கண்மாய் நடுவில் மூன்றடி எடுக்கத்தான் அனுமதியாம். விசாரிக்கிறோம் என்றார்கள். மனு கொடுத்தேன். நெடுமடைப்பட்டி என்று எழுதிவிட்டு, மனுதாரர் யார் என்ற இடத்தில் 'மடைக்காரர் நல்லகாமன் மகள்' என்று எழுதினேன். பதினாறு வருஷமாக அப்படி எங்கேயும் எழுதியதில்லை.

கண்மாய்க்கும் போனேன். உன்னிடம் சொல்லாமல் போனதற்கு மன்னித்துக்கொள். கரை மேல் நின்று பார்த்தேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை.

பாட்டிலை என்ன செய்ய அம்மா? இதைப் போட இடம் இல்லை. அந்தப் பள்ளத்தில் என்னால் கொட்ட முடியாது. நீ கேட்டபோதே மலையாண்டி அண்ணனிடம் கொடுத்திருந்தால், உன் கையில் இருந்திருக்கும். அங்கே நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் வைத்துக்கொண்டேன். நின்றும் பார்க்கவில்லை.

உனக்கே கொடுத்துவிடுகிறேன். எங்கே கொண்டுவரட்டும் என்று மட்டும் சொல்.

முத்துமீனா

*

நெடுமடைப்பட்டி
13.5.2023

முத்துமீனாவுக்கு,

கொண்டுவராதே.

மலையாண்டியிடம் நீ அன்றைக்கே கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பூவரசடியில்தான் கொட்டியிருப்பேன். அதுவும் லாரியில் ஏறிப் போயிருக்கும். நீ கொடுக்காததால் ஒரு கையளவாவது மிஞ்சியிருக்கிறது. இதை நான் உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. நடந்தது அதுதான்.

இங்கே நான் எங்கே வைப்பேன்? கண்மாய் போச்சு. வீட்டுக்குப் பின்னால் ரோடு வருகிறது என்று கல் நட்டுப் போயிருக்கிறார்கள். உன் பீரோவிலேயே இருக்கட்டும். பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மண்ணில் எறும்பு ஏறும்.

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். கடைசி நாலு நாள் அவர் கஞ்சி இறங்காமல் கிடந்தபோது, சுடுகாட்டில் உன் அப்பத்தா பக்கத்தில் இடம் சொல்லிவைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பூவரசடியில் வை என்றார். அது புறம்போக்கு, எதுக்கு வம்பு என்றேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்:

"அவ ஒரு நா வருவா. வந்தா வீட்டுக்கு வர மாட்டா, நீ விட மாட்ட. நேரா அங்கதான் போயி ஒக்காருவா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாகும்போதுகூட உன் பேச்சுத்தானா என்று. ஆனாலும் சொன்ன இடத்தில்தான் வைத்தேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றைக்கு, கருவேல மரத்தடியில் நின்று நான் பார்த்தது உன்னை இல்லை. நீ அங்கே போகிறாயா என்றுதான் பார்த்தேன். நீ கலுங்குக்குப் போனாய். உன் மகள் போய் உட்கார்ந்தாள்.

அமாவாசைக்கு நான் வருகிறேன். மலையாண்டி காய் வண்டியில் விளாங்குடி வரை கூட்டி வருவான். உன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பேன். உள்ளே வர மாட்டேன். உன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அண்ணனுக்குப் பால் தெளிக்கிற காடாத்து அன்று நான் சொன்னது சொன்னதுதான். நாற்காலி போடாதே. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு எங்கம்மா என்று காட்டாதே. பாட்டிலை வெளியே கொண்டு வந்து வை. ஒரு சொட்டு பால் தெளித்துவிட்டுப் போகிறேன். பால் நான் கொண்டுவருகிறேன், நம் ஆட்டுப் பால்.

கொண்டு வருகிறது நீயாக இருக்க வேண்டாம். அந்தப் பிள்ளை எடுத்து வரட்டும். அவள் தோண்டியது அவள் கையிலேயே இருக்கட்டும். நோட்டையும் எடுத்து வரச் சொல். முன்பு அங்கே என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டாள். எழுதிக்கொள்ளட்டும், மெதுவாகச் சொல்கிறேன்.

வெயில் ரொம்ப இருந்தால் தண்ணீர் மட்டும் குடிப்பேன். செம்பு நானே கொண்டுவருகிறேன்.

அம்மா